மாடி ஜன்னலில் ஒரு பெருக்கல் குறி

நான் குடியிருந்த வீட்டின் படம் ஒரு பழைய போஸ்ட் கார்டில் இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆன கார்டு. படத்தில் மாடி ஜன்னலின் மேல் யாரோ பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அது என் ஜன்னல்.

நியூ ஜெர்சியில் ரயில் நிற்கிற ஒரு சின்ன ஊர். தெருவில் எல்லாம் மரவீடுகள். வீட்டுக்காரம்மா வெள்ளைக்காரர், எண்பது தாண்டியவர். கீழே அவர், மேலே நான். எனக்குப் பக்கவாட்டில் தனிப்படி, தனிக்கதவு. சமையலறை மட்டும் கீழே, இரண்டு பேருக்கும் பொது.

என் கணவர் ஹோட்டல் சமையலுக்காக இந்த நாட்டுக்கு வந்தவர். அவர் பின்னால் நான் வந்தேன். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். ஹோட்டல்காரர்கள் கொடுத்திருந்த இடத்தைக் காலி பண்ண வேண்டியிருந்தது. பிள்ளைகள் இல்லை. ஊரில் ஒரு தங்கை. அவள் இருப்பதே அவள் மகன் வீட்டில். நான் இங்கேயே இருந்துவிட்டேன். தமிழ்க் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய்ச் சமைத்துக் கொடுக்கிறேன். எல்லாரும் ஆன்ட்டி என்பார்கள். பெயர் கேட்டவர்கள் குறைவு.

அதில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தேடி இந்த அறையைப் பிடித்துக் கொடுத்தாள். ஐ.டி. வேலை பார்க்கிற பெண். அவள் வீட்டில்தான் அதிக நாள் சமைக்கிறேன்.

சாவியைக் கையில் வாங்கியதும் என் கதவைப் பூட்டினேன். திறந்தேன். திரும்பப் பூட்டினேன். அதுவரை எனக்கென்று சாவி இருந்ததில்லை. அப்பா வீடு, மாமியார் வீடு, ஹோட்டல் இடம், எல்லாவற்றுக்கும் சாவி வேறு யாரிடமோ இருந்தது.

வீட்டுக்காரம்மாவுக்கும் எனக்கும் பேச்சு அதிகம் இல்லை. எனக்கு இங்கிலீஷ் கடைக்குப் போகிற அளவுக்குத்தான் வரும். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. முதல் நாள் நான் கடுகு தாளித்து மிளகாய் போட்டதும் கூரையில் இருந்த புகை மணி கத்தத் தொடங்கியது. நான் அவசரமாக அடுப்பை அணைத்தேன். அந்தம்மா ஒரு துண்டை எடுத்து வந்து மணிக்குக் கீழே நின்று வீசினார். கத்தல் நின்றது. திட்டவில்லை. அதற்குப் பிறகு கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டாலே எங்கிருந்தாலும் துண்டோடு வந்து நிற்பார். நான் தாளிப்பேன், அவர் வீசுவார். சில நாள் அதுதான் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் ஒரு செருப்பு டப்பாவைத் திறப்பார். டப்பா நிறையப் பழைய கார்டுகள். எல்லாம் அந்த ஊரின் படங்கள். சர்ச்சில் போடுகிற பழைய சாமான் கடையிலும் சந்தையிலும் வாங்கிச் சேர்த்தது. சமையலறை மேஜையில் ஒன்றை வைத்து, "தென்" என்பார். கட்டைவிரலால் வெளியே தெருவைக் காட்டி, "நவ்" என்பார். எனக்கு அந்த இரண்டு சொல் போதும்.

ரயிலடித் தெரு ஒரு கார்டில். நடுவே டிராம் தண்டவாளம். ஒரு குதிரை வண்டி. கடைகளுக்கு முன்னால் கோடு போட்ட துணிப் பந்தல். இப்போது அங்கே செல்போன் கடையும் பீட்சா கடையும். மேலே செங்கல் வளைவு மட்டும் அப்படியே இருக்கிறது. பீட்சா கடையைத் தினமும் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போவேன். கார்டைப் பார்த்த பிறகுதான் தலையைத் தூக்கி அந்த வளைவைப் பார்த்தேன்.

கருப்பு வெள்ளையில் எடுத்துவிட்டு அப்புறம் சாயம் பூசியிருக்கிறார்கள். வானம் ரோஸ். புல் கண்ணைக் குத்துகிற பச்சை. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். தெருவில் நடந்து போனவர்கள் புகையாகத்தான் விழுந்திருக்கிறார்கள். நின்றவர்களுக்கு மட்டும் முகம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கார்டை ஒரு மழை நாளில் எடுத்து வைத்தார். இதற்குச் சாயம் இல்லை. அந்தக் காலத்தில் படம் பிடிக்கிறவர் தெருத்தெருவாக வருவாராம். அவரவர் வீட்டுக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுத்து, கார்டாகவே அச்சுப் போட்டுக் கொடுப்பாராம். ஒரு பெண் இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு வராந்தாவில் நிற்கிறாள். வாசல் மரம் அப்போது ஒரு குச்சி, முட்டுக் கொடுத்துக் கட்டியிருந்தது. இப்போது அது என் ஜன்னலை மறைக்கிற மரம்.

ஜன்னல் மேல் இருந்த குறியைத் தொட்டு, "யுவர் விண்டோ" என்றார்.

பாதி சொல்லால், பாதி கையால் விளக்கினார். மாடியில் எப்போதும் வாடகைக்கு யாராவது இருப்பார்களாம். டீச்சர், நர்ஸ், மில்லுக்குப் போன பெண்கள். அப்படி வந்து தங்குகிறவர்கள் வீட்டுப் படம் போட்ட கார்டை வாங்கி, தங்கள் ஜன்னலில் குறி போட்டு ஊருக்கு அனுப்புவார்கள். இதுதான் என் அறை, இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்வதற்கு. அன்றைக்கு அது ஒரு வழக்கம்.

கார்டைத் திருப்பினேன். பின்னால் ஒரு எழுத்து இல்லை. தபால்தலையும் ஒட்டவில்லை. என் அறை அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம்.

"ஒய் நோ போஸ்ட்?" என்று கேட்டேன்.

தோளைத் தூக்கினார். "மேபி நோபடி."

அதற்கு அர்த்தம் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தங்கை போனில் வந்தபோது கார்டை வீடியோவில் காட்டினேன்.

"ஆரு ஊடுக்கா அது?"

"நான் இருக்கற ஊடு."

"அமெரிக்காவுல புது ஊடே கெடைக்கலியா உனக்கு?"

"இது நல்லாத்தான் இருக்குது."

"ஜன்னல்ல எதுக்கு இன்ட்டு போட்டிருக்குது? இடிக்கப் போறாங்களா? நம்மூர்ல ரோடு அகலம் பண்றப்போ இப்படித்தான் செவுத்துல போட்டுட்டுப் போனானுங்க."

"அதெல்லாம் இல்ல. அது ஒரு வழக்கம்."

"என்னமோ போ. சாப்ட்டியா?"

அவளுக்கு அவ்வளவுதான். எனக்கு அந்தக் குறி மனதில் தங்கிவிட்டது. காலையில் ஜன்னலைத் திறக்கிறபோது, தெருவில் நின்று பார்த்தால் நான் அந்த இடத்தில்தான் தெரிவேன் என்று நினைப்பேன். வேறொன்றும் இல்லை. அந்த ஒரு நினைப்பு.

வெயில் காலம் தொடங்கியபோது வீட்டுக்காரம்மா வாசல் படியில் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. நான் வேலையில் இருந்தேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கையைக் காட்டிச் சொன்னார். உள்ளே போனேன். துண்டு அடுப்புக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து அவரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டு போனார்கள். நான் தனியாகத் தாளித்தேன். மணி கத்தியது. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் துண்டு. இரண்டும் சரியாக நடக்கவில்லை. குழம்பு கொஞ்சம் கருகியது.

வேறு மாநிலத்தில் இருந்த மகன் வந்தார். அறுபது வயது இருக்கும். நல்ல மனிதர். வீட்டு விஷயமாகத்தான் வந்திருக்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் ஐ.டி. பெண்ணைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவர் பேசினார், அவள் எனக்குச் சொன்னாள்.

"ஆன்ட்டி, வீட்டை வித்தாச்சாம். ஜூலை எண்டுக்குள்ள காலி பண்ணச் சொல்றார்."

"வாங்கறவங்க மேல வாடகைக்கு விடுவாங்களான்னு கேளு கண்ணு. நான் பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துக்கறேன்னு சொல்லு."

அவள் கேட்டாள். அவர் தலையை மெதுவாக ஆட்டினார்.

"இல்லையாம் ஆன்ட்டி. உள்ள எல்லாத்தையும் பிரிச்சுட்டு ஃபுல்லா ரீமாடல் பண்ணப் போறாங்களாம்."

பிறகு, "ஜூலை கடைசின்னா ஆடி. ஆடியில குடி போக மாட்டோம்னு சொல்லு" என்றேன்.

"ஐயோ ஆன்ட்டி, அதை எப்படி இவர்கிட்ட இங்கிலீஷ்ல சொல்றது?"

"எப்படியாச்சும் சொல்லு."

அவள் என்னவோ சொன்னாள். அவர் சிரித்தார்.

"என்ன சொல்றார்?"

"ஒரு மாசம் முழுக்க யாரும் வீடு மாறக் கூடாதா, நல்ல மதமா இருக்கே, எங்க அம்மாவுக்கு இது தெரிஞ்சிருந்தா அவங்களும் இதுல சேர்ந்திருப்பாங்களேன்னு சொல்றார்."

"சரிங்கறாரா, இல்லியா?"

"சரிங்கறார். ஆடி முடியற வரைக்கும் இருக்கலாமாம். ஆனா நடுவுல வீட்டுச் சாமானெல்லாம் சேல் போடுவாங்களாம். ஜனங்க உள்ள வந்து போவாங்க, பரவாயில்லையான்னு கேக்கறார்."

"பரவால்ல."

அவர் போன பிறகும் அவள் போனை வைக்கவில்லை. "ஆன்ட்டி, எதுக்கு அலையறீங்க? எங்க பேஸ்மென்ட் சும்மாதான் கிடக்கு. வந்துடுங்க. வாடகையே வேண்டாம்."

"பாக்கலாம்."

"நாங்க இந்த வீட்டுக்கு ஆடியிலதான் வந்தோம் தெரியுமா? வீட்டை ரிஜிஸ்டர் பண்ற குளோசிங் டேட் அப்படி விழுந்துடுச்சு. ஒண்ணும் ஆகல."

"அதான் பேஸ்மென்ட்ல தண்ணி வருதா?"

"ஆன்ட்டி!"

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் வேறு அறை தேடினேன். ஒரு இடத்தில் சமைக்கக் கூடாது என்றார்கள். ஒரு இடத்துக்குப் பஸ் இல்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு இடத்தில் கதவுக்குப் பூட்டு இல்லை, திரைச்சீலைதான் இருந்தது. அந்தப் பெண் நல்ல பெண். அவள் வீட்டில் இருந்தால் எனக்கு ஒரு குறையும் வராது. ஆனால் அங்கே நான் எப்போதும் வேலையில்தான் இருப்பேன். பேஸ்மென்டுக்குப் போகிற வழி அவர்கள் சமையலறையின் உள்ளே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை படி ஏறி வந்தால் அடுப்பு எதிரில் நிற்கும்.

ஆடி முழுக்க அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தேன். சாமான்கள் ஒவ்வொன்றாகக் கீழே கூடத்துக்கு வந்தன. மகன் ஒவ்வொன்றிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார். தட்டுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. அடுப்புத் துண்டுகளைக் கட்டாகக் கட்டி அதற்கும் ஒன்று ஒட்டியிருந்தார். நான் ஒரு துண்டை உருவிக்கொண்டு, அவரிடம் காட்டி, கேட்டு எடுத்துக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

சேல் நடந்த அன்று மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே ஜனங்கள் நடக்கிற சத்தம். பூட்ட மறந்துவிட்டேன் போல. ஒரு அம்மா தட்டாமல் திறந்து உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார். இட்லித் தட்டைக் கையில் எடுத்து, இது முட்டை வேகவைக்கிறதா என்று கேட்டார்.

"நாட் சேல்" என்றேன்.

"சாரி" என்றார். ஆனாலும் தட்டைத் திருப்பி அடியில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கீழே இறங்கினேன். சாப்பாட்டு மேஜையில் செருப்பு டப்பா இருந்தது. கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்ட ஒரு ஆள் கார்டுகளை வேகமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலடித் தெருவை ஒரு பக்கம் வைத்தார். டிராம் இருந்ததெல்லாம் அந்தப் பக்கம். எங்கள் வீடு வந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. அதை மட்டும் தனியாகத் தள்ளிவிட்டார்.

நான் அதைக் காட்டினேன்.

அவர் நகத்தால் ஜன்னல் குறியைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். சொல் புரியவில்லை. தலையாட்டலில் புரிந்தது. குறி போட்டதால் கார்டு கெட்டுப்போய்விட்டது. சேர்க்கிறவர்கள் வாங்க மாட்டார்கள். மகனைப் பார்த்தேன். அவர், "டேக் இட், டேக் இட்" என்றார்.

டப்பாவோடு ஊர்ப் படங்கள் எல்லாம் அந்த ஆளோடு போயின. குறி இருந்ததால் எங்கள் வீடு தங்கியது.

ஐ.டி. பெண் ஒரு சனிக்கிழமை என்னைக் காரில் முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போனாள். அவள் காரிலேயே இருந்தாள், ஏதோ மீட்டிங் போனில். நான் உள்ளே போனேன். அந்தம்மா சக்கர நாற்காலியில் ஜன்னல் பக்கம் இருந்தார். வெளியே பார்க்கிங். கார், கார், கார்.

என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் சட்டையில் காலையில் தாளித்த வாசனை இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவர் கை மேலே போனது. தலைக்கு மேல் இப்படியும் அப்படியும் வீசினார். துண்டு இல்லாமல்.

"யெஸ்" என்றேன்.

"யெஸ்" என்றார். சிரித்தார்.

கார்டைக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மேல் ஜன்னலில் விரல் வைத்து, "யூ." பிறகு கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அங்கே நின்ற நர்ஸ் பேனா கொடுத்தார். கீழ் ஜன்னலில், அவருடைய படுக்கை இருந்த அறையில், அவர் ஒரு குறி போட்டார். ஒரு கோடு ஜன்னலைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். கார்டைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நான் அதைக் கொடுத்துவிடக் கொண்டு போகவில்லை. காட்டிவிட்டு எடுத்து வரலாம் என்று. அவர் கையைப் பார்த்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

காரில் அந்தப் பெண் கேட்டாள். "ஆன்ட்டி, கார்டு எங்க?"

"அங்கயே இருக்குது."

"அச்சச்சோ, மறந்துட்டீங்களா? நான் ஓடிப்போய் எடுத்துட்டு வரட்டா?"

"வேண்டாம் கண்ணு. வண்டிய எடு."

அவள் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, "அட்லீஸ்ட் ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கலாமே" என்றாள். எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில், "உங்க பேஸ்மென்டுக்கே வந்துடறேன்" என்று சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். வாடகை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். வேண்டாம் என்றாள். வாங்கினால்தான் வருவேன் என்றேன். சரி என்றாள்.

ஆவணி பிறந்து ஒரு நல்ல நாளில் குடி மாறினேன். கட்டில் அந்த வீட்டினுடையது. என் சாமான் ஒரு காரில் அடங்கியது. கடைசியாக மேலே போய் ஜன்னலைச் சாத்தினேன். கதவைப் பூட்டினேன். இந்தத் தடவை திறந்து பார்க்கவில்லை. சாவியை மகன் சொல்லியிருந்த இடத்தில், தபால் பெட்டிக்குள் போட்டேன். தெருவில் நின்று ஒரு தரம் மேலே பார்த்தேன். மரம் மறைத்தது. இலைக்கு நடுவே கண்ணாடி கொஞ்சம் தெரிந்தது.

புது இடத்தில் பால் காய்ச்ச வேண்டும். பேஸ்மென்டில் அடுப்பு இல்லை. மேலே அவர்கள் அடுப்பில் காய்ச்சி, பொங்கவிட்டு, டம்ளரில் கீழே கொண்டு போய்க் குடித்தேன். படியில் கொஞ்சம் சிந்தியது. துடைக்க அந்தத் துண்டுதான் கையில் வந்தது. அலசிக் காயப்போட்டேன்.

தங்கை போனில் வந்தாள்.

"மாறிட்டியாக்கா? எங்க, புது ரூமைக் காட்டு."

போனைத் திருப்பிக் காட்டினேன். சுவர். படுக்கை. கிரைண்டர். உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதில் புல்லின் அடிப்பக்கமும் ஒரு சைக்கிள் சக்கரமும் தெரியும்.

"நல்லாத்தான் இருக்குது. புது ஊடு. அந்தப் பழசுக்கு இது தேவல."

"ம்."

"வாசல்லேர்ந்து காட்டேன், ஊட்டைப் பாக்கறேன்."

மேலே ஏறி, சமையலறையைத் தாண்டி, வெளியே போய்த் தெருவில் நின்று காட்டினேன். பெரிய வீடு. இரண்டு கார் நிற்கிற கராஜ். வெள்ளைப் பெயின்ட்.

"அடேங்கப்பா. இதுல உன்னோட ஜன்னல் எதுக்கா?"

"இங்கிருந்து தெரியாது" என்றேன். "அது பின்னால."

"சரி, சரி. சாப்ட்டியா?"

"இனிமேதான்."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். மறுநாளைக்கு மாவு அரைக்க அரிசி ஊறப் போட வேண்டியிருந்தது.